கிடங்கில் இருந்த ஸ்பிட்ஃபயர்: அருங்காட்சியகம் தன் விமானத்தைத் தனியாருக்குக் கொடுக்கலாமா?

2012ஆம் ஆண்டு பிரிட்டனின் அரச விமானப்படை அருங்காட்சியகம், தன் சேமிப்பில் இருந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஒன்றைத் தனியார் விமானச் சீரமைப்பு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தது. பி.கே. 664 என்ற எண் கொண்ட அந்த விமானம், ஸ்பிட்ஃபயர் வரிசையின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்த மார்க் 22 வகை. இதில் பணம் கைமாறவில்லை. எகிப்தின் பாலைவனத்தில் கண்டெடுக்கப்பட்ட இன்னொரு விமானத்தை மீட்டெடுக்கும் வேலைக்குக் கூலியாக அது கொடுக்கப்பட்டது. மீட்க நினைத்த விமானம் அருங்காட்சியகத்துக்கு வந்து சேரவே இல்லை. கூலியாகப் போனதும் போனதுதான்.

இந்த நிகழ்வை நீலகிரியில் இருந்துகொண்டு ஆராய்வதற்குக் காரணம் உண்டு. குன்னூர், வெலிங்டன், அருவங்காடு பகுதிகளில் முப்படைகளில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் பலர் குடியிருக்கிறார்கள்; பழைய விமானங்களைப் பற்றிய பேச்சு இங்கே அந்நியமானதல்ல. அதைவிட முக்கியமாக, நூறாண்டு பழைய இயந்திரத்தைக் காட்சிக்கு நிறுத்துவதா, ஓட்டுவதா, ஓட்டத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவதா என்ற அதே கேள்வி நம் மலை ரயில் எஞ்சின்களைச் சுற்றியும் நிற்கிறது. ஓட்டத்திலிருந்து கழிக்கப்பட்ட எஞ்சின் ஒன்று மழையில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், இதை விரும்பிக் கேட்பவரிடம் கொடுத்தால் என்ன என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. அந்தப் பேச்சு அக்கறையில் பிறப்பது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், கொடுத்த இடங்களில் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

பாலைவனத்தில் கிடைத்த கிட்டிஹாக்

1942ஆம் ஆண்டு ஜூன் 28 அன்று, பிரிட்டிஷ் விமானப்படையின் 260ஆவது அணியைச் சேர்ந்த டெனிஸ் காப்பிங் என்ற 24 வயது விமானி, பழுதான கிட்டிஹாக் போர் விமானம் ஒன்றைச் சீர்செய்வதற்காக வேறொரு தளத்துக்கு ஓட்டிச் சென்றபோது வழிதவறினார். அவரும் விமானமும் என்ன ஆனார்கள் என்பது எழுபது ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. 2012இல் எண்ணெய் நிறுவனம் ஒன்றுக்காகப் பாலைவனத்தில் வேலை செய்துகொண்டிருந்த போலந்துக்காரர் ஒருவர் அதைக் கண்டார். மணலும் வெயிலும் வண்ணத்தைத் தேய்த்திருந்தாலும், விமானம் ஏறக்குறைய முழுமையாக இருந்தது. விமானி உயிரோடு தரையிறங்கியதற்கான தடயங்களும் இருந்தன: பாராசூட்டை நிழலுக்காக விரித்திருந்தார், வானொலியையும் மின்கலத்தையும் வெளியே எடுத்து வைத்திருந்தார். அவருடைய உடல் என்று உறுதி செய்யப்பட்ட எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஒரு விமானம் தரையிறங்கிய நொடியில் இருந்தபடியே இத்தனை ஆண்டுகள் கழித்துக் கிடைப்பது அரிதிலும் அரிது. அருங்காட்சியகம் அதன்மேல் ஆசைப்பட்டதில் வியப்பில்லை. செய்தி பரவியதும் கையில் அகப்பட்டதைப் பிய்த்துக்கொண்டு போகிறவர்கள் அந்த இடத்துக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். எனவே அவசரமும் நியாயமானதே. மீட்பு வேலை தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது, ஸ்பிட்ஃபயர் கூலியானது. நிறுவனம் தன் வேலையைச் செய்தது. கிட்டிஹாக் கழற்றப்பட்டு எகிப்தின் கடற்கரை நகரான எல் அலமைன் வரை கொண்டுவரப்பட்டது. அதற்கு மேல் அது நகரவில்லை. எகிப்து அந்த நாட்களில் அரசியல் கொந்தளிப்பில் இருந்தது, விமானத்தை வெளியே அனுப்பும் அனுமதியும் கிடைக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து அது எல் அலமைன் இராணுவ அருங்காட்சியகத்தில், பழைய நிறத்துக்குப் பொருந்தாத புத்தம் புது வண்ணம் பூசப்பட்டுக் காட்சிக்கு வந்தது. வெயில் தேய்த்த அந்த மேற்பரப்பு, எதற்காக அந்த விமானம் அரிதென்று கருதப்பட்டதோ அதுவே, வண்ணத்துக்கு அடியில் போய்விட்டது.

எகிப்து தன் மண்ணில் கிடைத்ததைத் தன்னிடம் வைத்துக்கொண்டதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் நாட்டுச் சிலைகள் வெளிநாட்டுக் காட்சியகங்களில் நிற்பதைக் கண்டு வருந்தும் நாம் அந்த உரிமையை அவர்களுக்கு மறுக்க முடியாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. கைக்கு வராத ஒன்றுக்காகக் கையில் இருந்ததை முன்கூட்டியே கொடுத்ததுதான் இந்த நிகழ்வின் முதன்மையான பிழை. நிலம் வாங்குபவர் பத்திரம் பதிவாகும் முன்பே முழுத் தொகையையும் கொடுத்துவிட்டால் ஊரில் என்ன சொல்வார்களோ, அதையேதான் இங்கேயும் சொல்ல வேண்டும்.

கொடுத்தவர் பக்கத்து நியாயம்

இதில் அருங்காட்சியகத்தின் தரப்பை நேர்மையாக எடுத்துவைக்க வேண்டும், ஏனென்றால் அது வலுவில்லாத தரப்பல்ல. லண்டனின் ஹெண்டனில் உள்ள அதன் காட்சிக்கூடத்தில் மார்க் 24 வகை ஸ்பிட்ஃபயர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மார்க் 22க்கும் 24க்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. பார்வையாளர் எவருக்கும் இரண்டும் ஒன்றாகவே தெரியும். சேமிப்பில் இருந்த விமானத்தைப் பொதுமக்கள் பார்க்கவும் இயலாது. அதைப் பாதுகாக்க இடமும் பணமும் ஆட்களும் வேண்டும். ஏற்கெனவே உள்ளதைப் போன்ற ஒன்றைக் கொடுத்து, இதுவரை இல்லாத ஒன்றைப் பெறுவது தொகுப்பை வளப்படுத்தும் செயல் என்று வாதிடலாம்.

இதற்கு முன்மாதிரியும் இருந்தது. பிரிட்டிஷ் விமானப்படைத் தளங்கள் பலவற்றின் வாசலில் ஸ்பிட்ஃபயர்கள் காவல் நிற்பவைபோலப் பல ஆண்டுகள் மழையிலும் பனியிலும் நிறுத்தப்பட்டிருந்தன. 1980களின் இறுதியில் அவற்றுள் சில தனியாருக்குக் கொடுக்கப்பட்டு, வாசல்களில் கண்ணாடியிழை நகல்கள் வைக்கப்பட்டன. பதிலுக்கு அருங்காட்சியகத்துக்கு ஒரு கிட்டிஹாக்கும் ஒரு போஃபோர்ட் குண்டுவீச்சு விமானமும் கிடைத்தன. இரண்டும் இன்று அதன் தொகுப்பில் இருக்கின்றன. வாசலில் அரித்துக்கொண்டிருந்தவை மீண்டும் பறந்தன. அந்தப் பரிமாற்றத்தில் நான் குறைகாண எதுவும் இல்லை. ஒரே அமைப்பு ஏறக்குறைய ஒரே வகையான பரிமாற்றத்தை இருமுறை செய்து, ஒருமுறை வென்று, ஒருமுறை தோற்றிருக்கிறது. ஆகவே கொடுப்பது சரியா தவறா என்று பொதுவாகக் கேட்பதால் பயனில்லை.

சர்வதேச அருங்காட்சியகங்கள் மன்றத்தின் ஒழுக்கநெறிக் கோவையும் தொகுப்பிலிருந்து ஒரு பொருளை விலக்குவதை அடியோடு தடுக்கவில்லை. பொருளின் முக்கியத்துவத்தை முழுமையாக ஆராய்ந்த பிறகே விலக்க வேண்டும் என்றும், முதலில் வேறொரு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க முன்வர வேண்டும் என்றும், வரும் பணம் தொகுப்பின் நலனுக்கே செலவாக வேண்டும் என்றும் அது சொல்கிறது. சம்பளத்துக்கும் கூரை ஒழுகலுக்கும் விமானத்தை விற்கக் கூடாது என்பதே இதன் பொருள்.

இந்தியாவிலிருந்து போன லிபரேட்டர்

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு இந்திய விமானப்படையின் லிபரேட்டர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் பல, மீண்டும் பறக்க முடியாதபடி சேதப்படுத்தப்பட்டுக் கான்பூரில் விட்டுச் செல்லப்பட்டன. 1948இல் பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் அந்தக் குப்பையிலிருந்து ஒவ்வொன்றாகப் பறக்கும் அளவுக்கு ஒட்டுப்போட்டு, பெங்களூருக்கு ஓட்டி வந்து, முழுமையாகச் சீர்செய்தார்கள். விட்டுச் சென்றவர்கள் இனி உதவாது என்று கழித்த விமானங்கள், 1968 வரை இந்திய விமானப்படையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றின. சுதந்திரம் பெற்ற கையோடு நம் தொழிலாளர்கள் செய்த இந்த வேலை நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டியது என்பது என் எண்ணம்.

ஓய்வுபெற்ற பிறகு அவற்றில் சில வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயின: கனடாவுக்கு ஒன்று, அமெரிக்காவின் அரிசோனாவுக்கு ஒன்று, பிரிட்டிஷ் அரச விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஒன்று. உலகம் முழுவதும் இந்த வகை விமானங்கள் உருக்கப்பட்டுவிட்ட நிலையில், முழு உருவில் எஞ்சியிருந்த சிலவற்றைத் தேடி எல்லோரும் இந்தியாவுக்கு வர வேண்டியிருந்தது. இன்னொன்று 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனைச் சேர்ந்த தனியார் சேகரிப்பாளர் ஒருவர் கைக்குப் போய், 1984இல் அமெரிக்க அறக்கட்டளை ஒன்றுக்கு விற்கப்பட்டு, பெரும் பொருட்செலவில் சீரமைக்கப்பட்டு 1989இல் பறந்தது. கழிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் நின்றிருந்த ஒன்று மீண்டும் பறந்ததைத் தனியார் சீரமைப்பின் சாதனையாகவே சொல்ல வேண்டும். பல்லாயிரம் பேர் அதைத் தொட்டும் ஏறியும் பார்த்தார்கள். போரில் அந்த வகை விமானத்தில் பறந்த முதியவர்கள் அதன் அருகில் வந்து நின்றார்கள். அதன் மதிப்பைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அந்த விமானத்தின் வாழ்க்கையைப் பாருங்கள். பிரிட்டிஷ் விமானப்படையில் சில காலம், கான்பூரில் சிதைந்து கிடந்த காலம், பிறகு இந்திய விமானப்படையில் நெடுங்காலம். புதிய உரிமையாளரிடம் போன பிறகு அது அமெரிக்க விமானப்படையின் வண்ணத்தில், வேறு வேறு அமெரிக்க விமானங்களின் பெயர் தாங்கி, அடுத்தடுத்து மூன்று வேடங்கள் பூண்டது. மூன்றில் ஒன்றுகூட இந்தியாவுடையதல்ல. வாங்கியவருக்கு அவருடைய நாட்டின் நினைவு முக்கியம். அதில் குற்றம் இல்லை. பொருளை விற்கும்போது அதன் கதையைச் சொல்லும் உரிமையும் சேர்ந்தே போகிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நம் கதையைச் சொல்ல தில்லி பாலம் தளத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு லிபரேட்டர் நிற்கிறது. அதே அருங்காட்சியகத்தில்தான் வெஸ்ட்லேண்ட் வாப்பிட்டி என்ற பழைய ஈரடுக்கு இறக்கை விமானமும் இருக்கிறது. இந்திய விமானப்படையின் முதல் அணி 1933 ஏப்ரல் 1 அன்று நான்கு வாப்பிட்டிகளோடு பிறந்தது. அந்த வகையில் உலகிலேயே எஞ்சியிருப்பது பாலத்தில் உள்ள அந்த ஒன்றுதான். அதைப் பறக்கவிடுகிறேன் என்று யார் எத்தனை கோடியோடு வந்தாலும் கொடுக்கக் கூடாது.

எதிர்த்திசையிலும் ஒரு நிகழ்வு உண்டு. 2011இல் அயர்லாந்தில் கழிவாகக் கிடந்த டகோட்டா போக்குவரத்து விமானம் ஒன்றை இந்தியர் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் வாங்கி, பிரிட்டனில் சீர்செய்து, விமானப்படைக்குப் பரிசாக அளித்தார். 1947 அக்டோபர் 27 அன்று இந்தியப் படையினரோடு ஸ்ரீநகரில் இறங்கிய டகோட்டாவின் நினைவாக வி.பி. 905 என்ற எண்ணைப் பெற்ற அந்த விமானம், 2018இல் பிரிட்டனில் இருந்து இந்தியாவரை பறந்தே வந்தது. தனியார் என்றாலே இழப்பு என்று எண்ணுவோருக்கு இது போதுமான மறுமொழி.

தகட்டின் உட்புறம்

அருவங்காட்டில் குடியிருக்கும், விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக (விமானத்தின் உடலைப் பழுதுபார்ப்பவராக) இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கழித்துக் கட்டிய பயிற்சி விமானம் ஒன்றின் தகட்டுத் துண்டை அவர் வைத்திருக்கிறார். உள்ளங்கை இரண்டளவு இருக்கும். வெளிப்பக்கம் வண்ணம் உரிந்து வெறும் உலோகமாக இருந்தது. திருப்பினால், உட்பக்கத்தில் துருத்தடுப்புப் பூச்சின் பச்சை கலந்த மஞ்சள் நிறம் அப்படியே இருந்தது. தகடுகளை இணைக்கும் ஆணிகளான ரிவெட்டுகளின் வால்கள் ஒரே சீராக இல்லை. ஒரு வரிசை அழுத்தமாக நசுங்கியிருந்தது, அடுத்த வரிசையில் வேறொரு கை தெரிந்தது. ஓரத்தில் பென்சிலால் எழுதிய பாக எண்ணும், அதன் பக்கத்தில் சோதகரின் சின்ன வட்ட முத்திரையும் மங்கலாக இருந்தன.

“வெளியில பெயிண்ட் அடிச்சா எல்லா விமானமும் ஒண்ணுதான் தம்பி. ஆளு வேலை செஞ்ச அடையாளம் உள்ளதான் இருக்கு” என்றார்.

“அப்போ பறக்கவிடணும்னா இதையெல்லாம் மாத்தாம முடியாதே ஐயா?” என்று கேட்டேன்.

“மாத்தித்தான் ஆகணும். வயசான அலுமினியத்த நம்பி ஆள ஏத்த முடியுமா? மாத்தினத எங்க போடுறாங்கன்னு கேளுங்க, அதுதான் கேள்வி.”

இந்தச் சிக்கலின் மையம் இங்கேதான் இருக்கிறது. எழுபது எண்பது ஆண்டு பழைய அலுமினியக் கலவை வெளியே நன்றாகத் தெரிந்தாலும், உள்ளே அடுக்கடுக்காகப் பிரிந்து அரித்திருக்கலாம். பறக்கத் தகுதியானது என்ற சான்றிதழ் வேண்டுமானால் இறக்கையின் முதன்மை உத்திரம், தகடுகள், ரிவெட்டுகள், குழாய்கள், மின்கம்பிகள் எனப் பெரும்பகுதியைப் புதிதாகப் போட வேண்டும். இந்த வேலையின் கடைசி எல்லையில், பழைய விமானத்தின் அடையாளத் தகடும் சில துண்டுகளும் மட்டுமே பழையனவாக இருக்க, மற்ற அனைத்தும் புதிதாகச் செய்யப்பட்டு, அதே பழைய எண்ணோடு ஒரு விமானம் வெளியே வருகிறது. அழகான இயந்திரம்தான்; ஆனால் எந்த உலோகக் கலவை எப்படி உருட்டப்பட்டது, போர்க்கால அவசரத்தில் எங்கே குறுக்குவழி பிடித்தார்கள், எந்தத் தொழிற்சாலையில் எந்தக் குழு ரிவெட் அடித்தது என்பனவற்றை அதனிடம் கேட்க முடியாது. அருங்காட்சியகத்தின் கிடங்கில் தூசி படிந்து கிடந்த அசையாத விமானத்திடம் கேட்கலாம். கிடங்கில் கிடப்பது வீண் என்று சொல்பவர்கள், ஆவணக்காப்பகத்தில் யாரும் இன்று புரட்டாத கோப்பையும் வீண் என்று சொல்வார்களா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

குன்னூர்ப் பணிமனை சொல்வது

இதுவரை சொன்னதற்கு எதிர்ச்சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899இலும், உதகைவரை 1908இலும் திறக்கப்பட்ட 46 கிலோமீட்டர் மலை ரயில் பாதையில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறுவதற்கான பல்தண்டவாளம் இருக்கிறது. அங்கே ஓடும் எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் 1914இல் தொடங்கிச் செய்யப்பட்டவை. நான்கு உருளைகள் கொண்டவை. கீழ் இரண்டு தண்டவாளச் சக்கரங்களைச் சுழற்ற, அவற்றிலிருந்து வெளியேறும் நீராவியை மேல் இரண்டும் வாங்கிப் பல்சக்கரத்தைச் சுழற்றுகின்றன. ரயிலின் கீழ்முனையில் நின்று பெட்டிகளை மேலே தள்ளிச் செல்லும் இந்த எஞ்சினை எந்த நேரத்தில் எப்படிக் கையாள வேண்டும் என்பது முழுமையாக எந்த நூலிலும் இல்லை. பல்தண்டவாளத்தில் பல்சக்கரம் பொருந்தும் இடத்தில் கைப்பிடியை எவ்வளவு திறப்பது என்பதை ஓட்டுநர் தம் மூத்த ஓட்டுநரிடமிருந்துதான் கற்றார். ஒவ்வொரு பெட்டியிலும் நிற்கும் பிரேக்ஸ்மேனும் அப்படியே. எஞ்சின்களை எல்லாம் கண்ணாடிக் கூண்டில் வைத்துப் பூட்டியிருந்தால் இந்த அறிவு ஒரே தலைமுறையில் போயிருக்கும். 2005இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றதும் அது ஓடிக்கொண்டிருக்கும் பாதையாக இருப்பதால்தான்.

ஓட்டியதற்கு விலையும் கொடுத்திருக்கிறோம். குன்னூர் ஷெட்டில் தேய்ந்த பல்சக்கரத்தைப் புதியதோடு வைத்துப் பார்த்தால், பற்களின் முகம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். கொதிகலன், குழாய், உருளை என எதுவும் நூறாண்டு நிற்காது. ஓர் எஞ்சினின் பாகம் பழுதானால் இன்னொன்றிலிருந்து எடுத்துப் போடுவது நீராவிப் பணிமனைகளின் பழைய வழக்கம். கடைசியில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே 2011 முதல் எண்ணெயில் எரியும் புதிய எக்ஸ் வகை எஞ்சின்களும், 2021இல் நிலக்கரியில் ஓடும் புதிய எஞ்சினும் செய்யப்பட்டன. என் கண்ணில் இது மிகப் பெரிய சாதனை. இனி மலையில் ஓட வேண்டிய வேலையைப் புதியவை பார்த்துக்கொள்ளும். எனவே பழைய சுவிஸ் எஞ்சின்களில் தேய்மானம் குறைந்த ஒன்றையேனும் ஒரு திருகாணியையும் மாற்றாமல் அப்படியே வைத்திருக்க முடியும். விமான அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு இல்லாத வசதி இது.

இன்னொரு மலையின் அனுபவத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். வியட்நாமின் தலாத் மலைக்கும் நம் பாதையைப் போன்ற பல்தண்டவாளப் பாதை இருந்தது. சுவிட்சர்லாந்தின் ஃபூர்கா மலைப்பாதைக்காக 1913, 1914 ஆண்டுகளில் அதே வின்டர்தூரில் செய்யப்பட்ட எஞ்சின்களில் நான்கு 1947இல் அங்கே விற்கப்பட்டன. போரில் பாதை நின்றுபோனது. 1990இல் சுவிஸ் ஆர்வலர் அமைப்பு, காட்டில் துருவேறிக் கிடந்த எஞ்சின்களைத் தேடி விலைகொடுத்து வாங்கித் தன் நாட்டுக்குக் கொண்டுபோய், தன்னார்வலர்களின் உழைப்பில் சீரமைத்து, இன்று ஃபூர்கா பாதையில் ஓட்டுகிறது. வாங்கியவர்களைவிட நல்ல கையில் அவை சேர்ந்திருக்க முடியாது. ஆனால் தலாத்துக்காரர்களுக்கு என்ன மிஞ்சியது? அந்தப் பாதையை மீண்டும் அமைக்கும் பேச்சு இப்போது அங்கே நடக்கிறது. அமைத்தாலும் அதில் ஓட அவர்களுடைய எஞ்சின் அங்கே இல்லை. அன்று கிடைத்த விலை எதையும் திருப்பித் தராது. குன்னூரில் யாரேனும் வெளிநாட்டு ஆர்வலருக்குக் கொடுக்கலாமே என்று சொல்லும்போது நான் தலாத்தை நினைத்துக்கொள்கிறேன்.

பறக்கவிடுவதில் உள்ள ஆபத்து

ரயில் எஞ்சின் பழுதானால் பெரும்பாலும் நின்றுவிடும், விமானம் அப்படியல்ல. 2019 அக்டோபர் 2 அன்று, மேலே சொன்ன லிபரேட்டரை வைத்திருந்த அதே அறக்கட்டளையின் பி 17 குண்டுவீச்சு விமானம் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் விபத்துக்குள்ளாகி ஏழு பேர் இறந்தார்கள். 2022 நவம்பர் 12 அன்று டல்லாஸ் விமானக் காட்சியில் இன்னொரு பி 17 விமானமும் கிங்கோப்ரா போர் விமானம் ஒன்றும் வானில் மோதி ஆறு பேர் உயிரிழந்தார்கள். உயிர்களோடு ஒப்பிட்டால் விமானம் பெரிதல்ல. ஆயினும் ஆய்வுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது: மிகச் சிலவே எஞ்சிய வகைகளில் அந்த விமானங்களும் இனி இல்லை.

‘பிளாக் 6’ என்று அறியப்பட்ட மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தின் கதை இந்த ஆய்வுக்கு மிகவும் உதவுவது. 1942இல் ஆப்பிரிக்காவில் கைப்பற்றப்பட்ட அந்த ஜெர்மன் விமானத்தை பிரிட்டிஷ் அரசு விற்கவில்லை. உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, தன்னார்வலர்களிடம் சீரமைக்கக் கொடுத்தது. அவர்கள் ஏறத்தாழ இருபதாண்டு உழைத்து 1991இல் பறக்கவிட்டார்கள். இத்தனை ஆண்டுகள் பறக்கலாம், பிறகு அருங்காட்சியகத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. 1997 அக்டோபர் 12 அன்று, அந்த ஏற்பாட்டின் கடைசிப் பறத்தலில், இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் தரையிறங்கும்போது அது கவிழ்ந்து சேதமானது. விமானி தப்பினார். சீர்செய்யப்பட்டு, இனிப் பறக்காத காட்சிப்பொருளாக அருங்காட்சியகத்துக்கு வந்தது. சேதம் நேர்ந்தபோதும் பொருள் பொதுமக்களுக்கே திரும்பியது. பி.கே. 664 விவகாரத்தில் விபத்தே நேரவில்லை. ஆனாலும் பொருள் திரும்பவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்று தெரிகிறது.

என் முடிவு

அருங்காட்சியகம் தன் விமானத்தை முழு உரிமையோடு தனியாருக்கு விற்பதை நான் ஏற்கவில்லை. நீண்டகால ஒப்படைப்பாகக் கொடுப்பதை, இரட்டிப்பாக உள்ளவற்றில் மட்டும், ஏற்கிறேன். இரட்டிப்பு என்றால் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பது மட்டும் அல்ல. தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே மாற்றப்படாமல் இருப்பது எது, ஏற்கெனவே பலமுறை பழுதுபார்த்துக் கலந்துபோனது எது என்று ஆராய்ந்து, கலந்துபோனதைத்தான் கொடுக்க வேண்டும். வகையில் ஒன்றே எஞ்சியது என்றால் பேச்சுக்கே இடமில்லை. ஒப்பந்தத்தில், கழற்றிய ஒவ்வொரு பாகமும், அரித்த தகடானாலும் நசுங்கிய ரிவெட்டானாலும், எண்ணிட்டு அருங்காட்சியகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று எழுத வேண்டும். பிரிக்கும் முன்பே முழு விமானத்தையும் அளந்து, படம் பிடித்து, உட்புறத்து முத்திரைகளைப் பதிவு செய்ய வேண்டும்; அந்தச் செலவைச் சீரமைப்பாளர் ஏற்க வேண்டும். அவருடைய நிறுவனம் நொடித்தால் விமானம் அவருடைய கடன்காரர்களுக்குப் போகாமல் அருங்காட்சியகத்துக்கே வரும்படி சட்டப்படி பாதுகாப்பு வேண்டும். எதிர்ப்பொருள் பரிமாற்றமானால், வர வேண்டியது வாசலுக்கு வந்த பிறகே போக வேண்டியது போகட்டும்.

இத்தனை நிபந்தனைகளோடு யார் பணம் போடுவார்கள் என்று சீரமைப்பாளர்கள் கேட்பார்கள். பலர் மறுக்கலாம். ஆனால் ‘பிளாக் 6’ ஏற்பாட்டில் உரிமை தம்முடையதல்ல என்று தெரிந்தும் இருபதாண்டு உழைத்தவர்கள் இருந்தார்கள். குன்னூர் ஷெட்டிலும் எந்த எஞ்சினும் தம்முடையதல்ல என்று தெரிந்த ஃபிட்டர்கள்தான் அவற்றை நூறாண்டு ஓடவைத்தார்கள்.

நம் நாட்டுச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருப்பதையும் சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி, பொதுவாக நூறாண்டு கடந்த பொருளே தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 1914இல் செய்த எஞ்சின் இந்த வயதைக் கடந்துவிட்டது. 1944இல் செய்த லிபரேட்டரோ 1945இல் செய்த டெம்பஸ்ட் போர் விமானமோ இன்னும் கடக்கவில்லை. தொழில்நுட்பப் பொருள்கள் மிக விரைவில் அரிதாகிவிடும் என்பதை அந்தச் சட்டம் கணக்கில் கொள்ளவில்லை. கையெழுத்துப் படிகளுக்கும் ஆவணங்களுக்கும் மட்டும் 75 ஆண்டு என்று சட்டமே தளர்வு தந்திருக்கிறது. அதே 75 ஆண்டு வரம்பை விமானங்களுக்கும் ரயில் எஞ்சின்களுக்கும் நீட்டினால், போர்க்கால விமானங்கள் இன்றே பாதுகாப்புக்குள் வந்துவிடும். அதற்கு முன்பாகவே நீலகிரியில் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: காட்சிக்கு நிற்கும் ஒவ்வோர் எஞ்சினிலும் பாகங்களில் குத்தப்பட்டுள்ள எண்களை ஷெட்டில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்களைக் கொண்டு படித்து, எது எந்த எஞ்சினிலிருந்து வந்தது என்று பட்டியலிட வேண்டும். அந்த எண்களைப் பார்த்தவுடன் சொல்லக்கூடியவர்கள் இன்னும் குன்னூரிலும் மேட்டுப்பாளையத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருப்பதால் இந்தப் பட்டியல் வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.